வீதியோரத்துக் கட்டில்

டென்மார்க்கில் ஏழைகள் இருக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். என் கணவர் ஒலிநாடாவில் பேசி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய டென்மார்க்கில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. வேலையில்லாதவனுக்கும் அரசாங்கம் சோறு போட்டது. வயதானவர்களுக்கு வீடு கூட்டிக் கொடுக்க ஆள் வந்தது. எங்களைக் கூப்பிட மட்டும்தான் அந்த நாட்டுக்கு மனம் வரவில்லை. தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் விண்ணப்பங்களை அங்கே வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். பின்னாளில் அது பெரிய வழக்காகி அரசாங்கமே கவிழ்ந்தது. அப்போது எங்களுக்கு வழக்கும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஷெல் விழும்போது நானும் மகளும் பதுங்கு குழிக்குள் இருந்துகொண்டு அந்த முகம் தெரியாத அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தோம்.

ஒருவழியாக அனுமதி கிடைத்து ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாடிக் குடியிருப்பில் வீடு. சோபா, தொலைக்காட்சி, கண்ணாடி போட்ட அலுமாரி எல்லாம் இருந்தன. மனுசன் பரவாயில்லை, வீட்டை நன்றாகத்தான் நிரப்பி வைத்திருக்கிறார் என்று பெருமைப்பட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மேசையைச் சுற்றியிருந்த கதிரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதைக் கவனித்தேன்.

"இதெல்லாம் எந்தக் கடையில வாங்கினனீங்கள்?"

அவர் சோற்றைப் பிசைந்தபடி, "கடையில இல்லை. ரோட்டில எடுத்தது" என்றார்.

டெனிஷ்காரர்கள் தங்களுக்கு வேண்டாத பெரிய சாமான்களைக் குறித்த ஒரு நாளில் வீதியோரம் வைப்பார்களாம். நகரசபை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். லொறி வருமுன் எங்கள் ஆட்கள் ஒரு சுற்று வருவார்கள். ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்த எல்லாத் தமிழ் வீடுகளும் அப்படித்தான் நிரம்பின என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் நாங்கள் ஒருவர் உடுத்துக் கழித்ததைக் கையால் தொட்டதில்லை. அன்று முழுக்க நான் அந்தச் சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே திரிந்தேன். அவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஆனால் மனுசி எத்தனை நாளைக்கு நிற்பாள்? உட்கார்ந்தேன். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, சொல்ல வெட்கமாயிருக்கிறது, எனக்கே அதில் ஆசை பிடித்துவிட்டது. அந்த நாள் வந்தால் நானே முதலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். நல்ல விளக்கு, கறையில்லாத கம்பளம். இவ்வளவையும் தூக்கிப் போடுகிறதென்றால் இவர்களுக்குக் கொழுப்பு அதிகம் என்று நினைப்பேன். அவர்களுக்கு மிஞ்சியதைத்தான் எடுக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் வெட்கம் விட்டுப்போயிற்று.

மகளுக்கு மட்டும் கட்டில் அமையவில்லை. நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தாள். குளிர் நிலத்திலிருந்து ஏறி, இருமல் விடாமல் பிடித்திருந்தது. கட்டில் வாங்கலாம் என்று கணவர் சொல்வார், அடுத்த சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு காலை, அவர் வேலைக்குப் போன பின், குசினி யன்னலால் பார்த்தேன். பக்கத்து வாசலுக்கு முன்னால் சோபாவும் மற்றச் சாமான்களும் குவிந்திருந்தன. இரண்டு ஆண்கள் மேலேயிருந்து இன்னும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குவியலின் நடுவில் சிறுபிள்ளைகள் படுக்கும் மரக் கட்டில் ஒன்று, மெத்தையோடு. எங்கள் ஆட்கள் கண்டால் ஒரு கரண்டிகூட மிஞ்சாது. மகளுக்குக் கோட்டைப் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டிலின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். சாமான் இறக்கியவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு மொழி தெரியாது. மகளைக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்து நித்திரை என்று காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மற்றப் பக்கத்தைப் பிடித்து மாடிவரை கொண்டுவந்து தந்தார். எவ்வளவு நல்ல சனம் என்று நினைத்தேன். மகள் சப்பாத்தோடு ஏறிப் படுத்தாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நான் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன்.

பின்னேரம் கணவர் வந்தார். கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதை எங்கையிருந்து எடுத்தனீர்?"

"பக்கத்து வாசலில. இன்னும் கனக்கக் கிடக்கு, சாப்பிட்டிட்டுப் போவம்."

"இண்டைக்கு அந்த நாள் இல்லையே."

அவர் மெத்தையைத் தடவினார். அதில் விரிப்பு விரித்தபடியே இருந்தது. தலையணை உறையில் யாரோ ஒரு பிள்ளையின் எச்சில் காய்ந்த அடையாளம். "விரிப்போட ஆர் குப்பையில போடுவினம்?" என்று கேட்டுக்கொண்டே யன்னலுக்குப் போனார். நானும் போனேன்.

கீழே, நான் காலையில் பார்த்த சோபாவில் ஒரு டெனிஷ் பெண் இருந்தாள். பக்கத்தில் எங்கள் மகளின் வயதில் ஒரு சிறுமி. துணி மூட்டைகளைப் பிளாஸ்ரிக் விரிப்பால் மூடியிருந்தாள்.

"வாடகை கட்டேல்லைப் போல. கோர்ட்டால ஆக்கள் வந்து வெளியில எடுத்துப் போட்டிருக்கினம்."

"வெள்ளைக்காரியையோ?" என்றேன்.

என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். பாவம் என்று வரவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மகளைக் கட்டிலிலிருந்து இறக்கினோம். அவள் அழுதாள். நாங்கள் இருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கீழே போனோம். மேல் மாடிகளில் யன்னல் திரைகள் அசைவதைக் கண்டேன். தமிழர் ஒரு டெனிஷ்காரியின் கட்டிலைத் திருடிப் பிடிபட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்களே என்று உடம்பு எரிந்தது. கட்டிலை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்திருந்த ஒரே மன்னிப்புச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. என்னைவிட அவளுக்குத்தான் வெட்கம். எங்களைப் பாராமல் நிலத்தைப் பார்த்துக் கணவரிடம் ஏதோ சொன்னாள்.

"வேண்டாமாம். கொண்டுபோய் வைக்க இடமில்லையாம். எங்கட பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுறா."

கட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். வேலை முடிந்து வந்த கணவர் முதுகைப் பிடித்தபடி நின்றதை அவள் கவனித்திருக்க வேண்டும். எழும்பி வந்து அவரை விலக்கிவிட்டு, தானே ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவளும் நானுமாக அவளுடைய பிள்ளையின் கட்டிலை எங்கள் வீட்டுக்கு ஏற்றினோம். அந்தச் சிறுமி ஒரு பையை அணைத்தபடி பின்னால் வந்தாள்.

வீட்டுக்குள் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தேநீர் வைத்தேன். அவள் ஒவ்வொரு மாதிரியாக இருந்த எங்கள் கதிரைகளைப் பார்த்தாள். அவை எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அது ஆறுதலாயிருந்திருக்க வேண்டும், ஆனால் இருக்கவில்லை. பிறகு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒரு கால் ஆடும் என்று கையால் ஆட்டிக் காட்டினாள். மட்டைத் துண்டு ஒன்றை மடித்து அதன் கீழே செருகினாள். விரிப்பை இழுத்து நேராக்கினாள். என் மகள் உடனே ஏறிப் படுத்தாள். மற்றப் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் குசினிக்குள் கணவரிடம் மெல்லச் சொன்னேன்: "எங்க படுக்கப் போகினம் எண்டு கேளுங்கோவன்."

"கேட்டா, இஞ்ச நில்லுங்கோ எண்டும் சொல்லவேணும்."

நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினேன்.

"வந்து கொஞ்ச நாள்தான். பொலிஸ், விசா எண்டு ஏதும் கேள்வி வந்தா என்ன செய்யிறது? இஞ்ச ஒருத்தரையும் ரோட்டில விடமாட்டினம். நகரசபை பாக்கும்."

முன்னறையில் இரவில் ஒருவரும் படுப்பதில்லை. அதில் ஒரு சோபா இருந்தது, போர்வைகள் இருந்தன. ஓம் என்று தலையாட்டினேன். எங்களை உள்ளே விடாத நாட்டைத் திட்டிய அதே வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தேநீரை நின்றபடியே குடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்தாள். நன்றி சொன்னாள். நானும் அவளுக்கு நன்றி சொன்னேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் மழை பெலத்தது. அவர்கள் இன்னும் கீழேதான் இருக்கிறார்களா என்று பார்க்க யன்னலடிக்குப் போனேன். பார்க்கவில்லை. திரையை இழுத்து மூடினேன். ஏன் மூடுகிறீர் என்று கணவர் கேட்டார். பிள்ளை படுத்திருக்கிறாள், கண்ணில வெளிச்சம் படுது என்றேன்.