பூத்த முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினேன்

போன வருடம் ஐப்பசி மழை எங்களை ஏமாற்றிவிட்டது. கால்வாய் வறண்டு கிடக்க, மார்கழிப் பனி மட்டும் மனம்போலக் கொட்டியது. வடசேரிச் சந்தையில் முருங்கைக்காய் விலையைக் கேட்டதும், எடுத்த காயைத் திரும்ப வைத்துவிட்டேன்.

வீட்டில் மசக்கையோடு தங்கை ஜெபா. எதைத் தின்றாலும் வாந்தி. முருங்கைக்காய் தீயல் ஊற்றிய சோறு மட்டுமே வயிற்றில் தங்கியது.

புறவாசல் முருங்கை வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. காய்ந்த மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். "சீக்கிரம் காய்த்துவிடு, செல்லமே" என்று கெஞ்சவும் செய்தேன். நான்காம் நாள் காலையில் பார்த்தால், மரத்தடி முழுக்கப் பூ.

பக்கத்து வீட்டு மேரி மைனி வேலிக்கு அப்பால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, பனியே பாதிப் பூவக் கொட்டும். பூத்து நிக்கிற மரத்துக்கு வெள்ளமும் கோரி ஊத்துனா மிச்சம் நிக்குமா? பச்சப்புள்ளைக்கு ஊட்டுகது மாதிரில்லா ஊட்டியிருக்க!"

"இனி ஜெபா என்னத்தத் திம்பா மைனி?" எனக்கு அழுகை முட்டியது.

"கண்ணத் தொடச்சிட்டு மொறத்த எடு."

மைனியே குனிந்து, வாடாத பூக்களைப் பொறுக்கி, தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைத்தார். ஜெபா முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் தின்றாள்.

"இன்னும் இருக்காக்கா?"

வாந்தி வரவேயில்லை.

இப்போது மரம் பூத்தால் நான் குடத்தைத் தொடுவதில்லை. கை துறுதுறுக்கும்போது வேலியோரம் போய், "மைனி, ஊத்தட்டா?" என்று கேட்கிறேன். "பிஞ்சு பிடிக்கட்டும், பொறுட்டி" என்கிறார். மரத்தடியில் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.