தட்டில் வந்த ஹைலைட்டர்

1. டியூப் லைட்

மேக்கப் ஆசையில் நான் பார்லருக்கு வரவில்லை. அதற்கு முன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். பாலிஷ் போட்டு வரும் பார்ட்ஸை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் அந்த இடத்தில் பளபளப்பு உடையும். அதை எடுத்துத் தனியாகப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கான்ட்ராக்ட் முடிந்தது. பாகலூர் ரோட்டில் ஒரு பார்லரில் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். எட்டாவது வரைதான் படிப்பு. அதை யாரும் கேட்கவில்லை.

முதலாளி வாணி மேடம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். ஃபோனில் சண்டை என்றால் கன்னடம். முதல் நாள் என் முகத்திலேயே ஹைலைட்டர் போட்டுப் பார்க்கச் சொன்னார். முகத்தில் அங்கங்கே பளபளப்புக்கு வைக்கிற பூச்சு அது. நான் பிரஷ்ஷை டப்பாவில் நன்றாக அழுத்தி எடுத்து, கன்னம் முழுக்க இழுத்தேன். மேடம் வந்து பார்த்தார்.

"ஏம்மா, லாரிக்கு ஹெட்லைட் மாட்டறியா?" என்றார்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மேடம் என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "வெளிச்சம் தானா எங்க விழுதுன்னு பாரு. அங்க மட்டும் தொடு. விழாத எடத்துல நீயா விழ வெக்காத."

பார்த்தேன். கன்னத்து எலும்பின் மேல்பக்கம், மூக்குத் தண்டு, புருவத்துக்குக் கீழே இருக்கும் எலும்பு, மேலுதட்டின் நடு வளைவு. அவ்வளவுதான் இடம். மூக்கு நுனியில் வைத்தால் வியர்த்த மாதிரி இருக்கும். நெற்றி முழுக்க வைத்தால் எண்ணெய் வழிந்த மாதிரி இருக்கும்.

பரு இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது என்றார். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பளபளப்பு மேட்டையும் காட்டும், பள்ளத்தையும் காட்டும். கம்பெனியில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. கையில் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பெண்கள் வருவார்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்கள். வாரம் முழுக்க மாஸ்க், தலையில் கேப். லீவு நாளில்தான் அவர்கள் முகம் அவர்களுக்கே தெரியும். ஆன்லைனில் வாங்கிய டப்பாவைக் கொண்டுவந்து, "அக்கா, இத எப்புடி போடறது?" என்று கேட்பார்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பவுடர், கிரீம், லிக்விட் என்று மூன்று வகை வரும். எண்ணெய் வடிகிற முகத்துக்குப் பவுடர். காய்ந்த முகத்துக்குக் கிரீம் அல்லது லிக்விட். கிரீமும் லிக்விடும் போடுவதானால் பவுடர் அடிப்பதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். பவுடர் மேல் கிரீம் வைத்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பிரஷ்ஷில் எடுத்ததைக் கையின் பின்பக்கம் ஒருமுறை தட்டி உதறிவிட்டு முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இழுக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வைக்கலாம். அதிகமாகிவிட்டால் எடுப்பது கஷ்டம்.

ஷேடுதான் பெரிய சங்கதி. வெளுத்த தோலுக்கு முத்து மாதிரி வெண்மை கலந்தது ஒத்துவரும். மாநிறத்துக்குப் பொன் நிறம், பீச். கருத்த தோலுக்கு நல்ல பொன், செம்பு, வெண்கலம். கருத்த தோலில் வெள்ளி நிறத்தை வைத்தால் சாம்பல் பூத்துவிடும். கடையில் எல்லோரும் கையில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். கை வேறு, முகம் வேறு. கன்னத்தில் போட்டு, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடைக்குள் இருக்கிற லைட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் அந்த லைட்டைப் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கேட்டுக்கொள்கிறவர்கள் குறைவு.

3. கோமதி

கோமதி அப்படி ஞாயிறு தவறாமல் வந்தவள். அஞ்செட்டிக்கு மேலே மலையில் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன். நல்ல கருப்பு, நல்ல தோல். ஒரு பரு கிடையாது. கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு வேறு யாரோ மேக்கப் போட்டிருந்தார்கள். அந்த ஃபோட்டோவை ஃபோனில் காட்டினாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கன்னத்தில் வெள்ளையாக இரண்டு பட்டை. மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அதைப் போட்டு, பொண்ணு விபூதி பூசிக்கினு வந்துருச்சு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

"அவரு ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா அவங்க வூட்டுல எல்லாரும் ஒரு தடவ சிரிச்சதே போதும். கல்யாணத்துக்கு என் கலர்லயே இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

சரி என்றேன். அவளைப் பார்லர் வாசலில் வெயிலில் நிற்கவைத்து ஷேடு பார்த்தேன். வெண்கலம் கலந்த பொன் நிறம் ஒத்துவந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

கல்யாணம் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மதியமே போய்விட்டேன். மணமகள் அறையில் முகம் கழுவி, பிரைமர், ஃபவுண்டேஷன், பவுடர், கண் எல்லாம் முடிந்தது. காலையில் நலங்கு வைத்த மஞ்சள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் இருந்தது. துடைத்தேன். அதோடு ஹைலைட்டர்தான் பாக்கி.

அப்போது மாப்பிள்ளையின் அக்கா வந்தார். பேர் சுஜாதா. கையில் தட்டு.

எங்கள் பக்கம் ரிசப்ஷனுக்குப் பெண் கட்டுகிற புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து தட்டில் வரும். இப்போது புடவையோடு மேக்கப் பாக்ஸும் வருகிறது. தட்டில் வந்ததைத்தான் பெண் போட வேண்டும். போடவில்லை என்றால் அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் கழித்து வேறு ஏதாவது சண்டையில் அது வரும்.

பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தார். லிப்ஸ்டிக், காஜல், ஐஷேடோ. நடுவில் ஹைலைட்டர். பெரிய டப்பா, நல்ல சரக்கு. நிறம் வெள்ளி.

"பெங்களூர்ல போயி வாங்குனது. இதப் போடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

இந்த நிறம் கோமதிக்கு எடுக்காது என்று மெதுவாகச் சொன்னேன். விலை குறைந்ததா என்று கேட்டார். விலை இல்லைங்க, ஷேடு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. நாங்க கொண்டாந்தது வேணாம்னா நேரா சொல்லிடுங்க என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடியில் கோமதியைப் பார்த்துச் சொன்னார்.

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணி வாங்குனதயே போட்ருங்கக்கா" என்றாள்.

நான் வேலை முடிந்தால் கிளம்பிவிடுவேன். அந்தச் சாம்பலோடு மேடையில் நிற்கப் போவது அவள். போடவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போகப் போவதும் அவள். இரண்டில் எது பெரிது என்று நான் முடிவு செய்ய முடியாது. அதனால் இரண்டையும் போட்டேன். இடது கன்னத்தில் தட்டில் வந்தது. வலது கன்னத்தில் நான் எடுத்து வந்தது. ஒரே பிரஷ், துடைத்துத் துடைத்து. ஒரே அளவு. இடது பக்கம் வேண்டுமென்றே அதிகமாக வைக்கவில்லை. இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

"இது என்ன, கோர்ட்டா?" என்றார் சுஜாதா.

இல்லைங்க, எப்படியும் லைட் பார்க்க ஃபோட்டோக்காரர் ஒரு படம் எடுப்பார், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அறையில் இருந்தது பழைய டியூப் லைட். அதில் இரண்டு கன்னமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரிந்தது. அதனால் அவரும் சரி என்றார். தான் வாங்கியதுதான் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

மூன்று பேரும் மேடைக்குப் போனோம். ரோஜாவைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். பின்னால் எல்.இ.டி. ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு பெரிய ஃபோகஸ் லைட். ஃபோட்டோக்காரர் ராயக்கோட்டைக்காரர். கோமதியை நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எங்கள் வழக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னும் முடியலீங்களாக்கா? ஒரு பக்கம் பவுடர் தோலோட கலக்காம அப்புடியே நிக்குது" என்றார்.

"எந்தப் பக்கம்?" என்றார் சுஜாதா.

"பொண்ணோட லெஃப்ட்டுங்க."

சுஜாதா கேமராவை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஃபோட்டோக்காரர் ஏதோ விளையாட்டாகச் சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சுஜாதா தன் புறங்கையைக் கோமதியின் கன்னத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

"கடைல அந்தப் பொண்ணு அது கையில போட்டுத்தான் காட்டுச்சு. தகதகன்னு இருந்துச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது வெள்ள கை" என்றார்.

அறைக்குத் திரும்பினோம். வழியில் அவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அவர் கல்யாணத்தில் முகத்துக்கு ஒன்றுமே போடவில்லையாம். மஞ்சளும் பொட்டும்தான். கருப்புக்கு எதைப் போட்டு என்ன ஆகப் போகிறது என்று அவர் அம்மாவே சொன்னாராம். தம்பி பெண்டாட்டிக்காவது நல்லதாக வாங்க வேண்டும் என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கடை கடையாக அலைந்திருக்கிறார்.

ஈர ஸ்பாஞ்சால் இடது கன்னத்தை ஒற்றி எடுத்து, ஃபவுண்டேஷன் தொட்டு, பவுடர் வைத்து, பொன் நிறத்தைப் போட்டேன். இரண்டு கன்னமும் சரியாக வந்தது. சுஜாதா பாக்ஸை மூடினார். மூடியைப் பிடித்தபடியே நின்றார்.

"அம்மா வந்து கேப்பாங்க. தட்டுல வந்தத வெச்சியான்னு கேப்பாங்க" என்றார்.

வெள்ளி நிறம் கருத்த முகத்தில் ஒரே ஒரு இடத்தில் எடுக்கும். கண்ணின் உள்மூலை, மூக்கை ஒட்டிய இடம். ஊசி முனை அளவு வைத்தால் கண் திறந்து தெரியும். அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சின்ன பிரஷ்ஷை எடுத்தேன்.

கோமதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்து, "நீங்களே வைங்க அண்ணி" என்றாள்.

"எனக்கு இதெல்லாம் வராது."

"வரும். பொட்டு வெக்கற மாதிரி வைங்க."

சுஜாதா விரலை முந்தானையில் துடைத்தார். டப்பாவைத் திறந்து மோதிர விரலால் தொட்டார். ஒரு கண்ணில் வைத்தார். பிறகு அடுத்த கண். வைத்ததும் "சாகு, சாகு" என்று கையை எடுத்துக்கொண்டார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். வலது கண்ணில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நான் துடைக்கவில்லை.

மாமியார் வந்தார். கோமதியின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி, தட்டில் வந்ததை வைத்தார்களா என்று மகளைத்தான் கேட்டார்.

"நானே வெச்சேன்ம்மா" என்றார் சுஜாதா.

மாமியார் சரி என்று போய்விட்டார். கோமதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். லிப்ஸ்டிக் போயிடும் என்று அதட்டினேன். பிறகு அவள் சுஜாதாவைக் காட்டி, "அக்கா, அண்ணிக்கும் அந்தப் பொன் கலர் போட்டு வுடுங்க" என்றாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ஷேடு பார்க்க வேண்டிய வேலையே இல்லை. கையில் இருந்ததே போதும்.

ரிசப்ஷன் ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். மேடையைக் கடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கழுத்தும் முகமும் ஒரே நிறத்தில் இருந்தன. வேலை சரி. பஸ் பிடித்தேன்.

4. கடைக்குப் போகும்போது

ஆடி கழிந்து கோமதியும் சுஜாதாவும் பார்லருக்கு வந்தார்கள். சுஜாதா அந்தப் பொன் நிறத்தின் பேரைக் கேட்டார். பேர் போட்டிருந்த அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அதை அவர் பையில் வைக்கவில்லை.

"பேரு இருந்தா பத்தாது. இவளையும் இழுத்துக்கினு போறேன். மூஞ்சில போட்டுப் பாத்து, வெளிய வெயில்ல வந்து நின்னு, அப்பறந்தான் வாங்கறது" என்றார்.

"இவங்க வெயில்ல நிக்க வெச்சே என்னக் கருக்கிடுவாங்கக்கா" என்றாள் கோமதி.

"இதுக்கு மேல கருக்கறதுக்கு என்னா இருக்குது, ரெண்டு பேருக்கும்?" என்றார் சுஜாதா. இரண்டு பேரும் சிரித்தார்கள். வாணி மேடமும் சிரித்தார்.

அந்த வெள்ளி டப்பா என்ன ஆனது என்று கேட்டேன். சாமி அலமாரியில் இருக்கிறதாம். விசேஷத்துக்கு மட்டும் எடுப்பார்களாம். கண்மூலைக்கு மட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் என்னிடம் எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. எல்லாக் கம்பெனியிலும் நல்லதும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். உங்களுக்கு வாங்கினால் உங்கள் கன்னத்தில் போட்டு, வெளியே வந்து பாருங்கள். இன்னொருத்திக்கு வாங்கினால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.