யார் சொல்லையும் தட்டாத வெள்ளையம்மா

"இன்னுங் கொஞ்சம் தொறங்க. ஆ... அப்பிடியே இருங்க. நாக்க ஆட்டாதீங்க."

கவிழ்த்து வைத்த பால் வாளியின் மேல் முத்துவீரன் அண்ணன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார். இடது கையால் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு, வலது கையில் ஓர் இளஞ்சிவப்புப் பிரஷ்ஷோடு குனிந்து நிற்கிறார் வெள்ளையம்மா அக்கா. காலை ஆறு மணி. மேட்டு லயத்து வரிசைவீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கவும் முகம் கழுவவும் பத்துப் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரம். அத்தனை பேருக்கும் நடுவில், ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு அவருடைய பெண்சாதி பல் விளக்கிவிடுகிறார். முதல் வாரம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தப் பிரஷ் நான் கொடுத்தது. கஹவத்தைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா நடத்துகிறேன். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிள்ளைகளுக்கென்று வந்த பிரஷ்களில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. கைப்பிடியில் ஒரு கரடிக்குட்டி சிரித்துக்கொண்டிருக்கும். "மெதுவான பிரஷ்தான் போடணுமாம் டீச்சர். கடையில இருக்கிறதெல்லாம் லயம் கழுவுற பிரஷ் மாதிரி இருக்குங்க" என்று அக்கா வந்து நின்றபோது எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். இந்த 2004ஆம் வருஷம், சித்திரை வருஷப் பிறப்புக் கொண்டாட்டம் முடிந்து இரண்டு வாரத்தில், பால் வாளியோடு மலையிலேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. அக்காவின் தம்பி அழகமுத்து கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவன். யாரிடமும் கேட்காமல் லொறியை மலைக்கு விடச் சொல்லி, மச்சானைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அன்றைக்கு அவன் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் அண்ணன் இல்லை. அதை அக்கா ஒரு நாளும் மறக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் தானே பல் விளக்கப் பார்த்தார். நாற்பத்து நாலு வருஷம் மரப்பட்டை சீவிய கை. பிரஷ்ஷைப் பிடித்தாலும் சீவத்தான் செய்தது. மூன்றாம் நாளே அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார். "பல்லு வெளக்கச் சொன்னா பல்லுல பால் எடுக்கிறாருங்க" என்று என்னிடம் சொன்னார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் நாலு பேரிடம் கேட்பார். அது நல்ல பழக்கம்தானே, நாலு பேர் சொல்வதில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பீர்கள். அக்கா பொறுக்கமாட்டார். நாலையும் செய்வார். அவருடைய மகள் சுதர்ஷினிக்குப் பிள்ளை பிறந்தபோது பெரியவர்கள் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றையும் வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது என் பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பும். சில நேரம் கூப்பிடாமலே திரும்பும்.

"ஏன் அக்கா இப்படி?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"வாய்விட்டுச் சொன்னத தட்டிட்டா நாளைக்கு அவங்க மூஞ்சில எப்பிடிங்க டீச்சர் முழிக்கிறது? ஒரே சொவரு, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க."

அண்ணனின் பல்லுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாட்டிலிருந்த நேர்ஸ், மாரடைப்பு வந்தவர்கள் வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காலையும் இரவும் மெதுவான பிரஷ்ஷால் விளக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும், புரிந்துகொண்டார். அத்தோடு விட்டாரா? அழகமுத்து ரப்பர் விறகுக் கரியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னான். சந்தியில் கடை வைத்திருக்கும் ரஹ்மா தாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்), கராம்பை நசுக்கி வைக்கச் சொன்னார். பக்கத்துக் காம்பராவில் கொய்யா இலை அவித்த தண்ணீர் என்றார்கள். ஆக, முதலில் பிரஷ், அப்புறம் கரி, அப்புறம் கொய்யாத் தண்ணீர், கடைசியில் கராம்பு. இத்தனையும் முடித்துவிட்டுப் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப்போய்க் கணக்கப்பிள்ளையிடம் தினமும் ஏச்சு வாங்குவார். அக்காவின் வாயில் மட்டும் எப்போதும் போல வெற்றிலை. தனக்கு மறுக்கப்பட்ட அந்தச் சிவப்பு வாயைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு, அண்ணன் பொறாமையோடு 'ஆ' காட்டிக்கொண்டிருப்பார்.

இதற்குள் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று அண்ணனுக்கு வலிக்கத் தொடங்கியது. கன்னம் வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா, "ஹார்ட் அட்டாக் வந்த ஆள், அந்தப் பல்லில் கை வைக்காதே" என்றார். மாதாந்தர கிளினிக்கில் டாக்டர், வாயில் சீழ் இருப்பது இருதயத்துக்கு நல்லதல்ல, பல் டாக்டரிடம் காட்டு என்றார். ஒருவர் தொடாதே என்கிறார், ஒருவர் காட்டு என்கிறார். அவர்கள் எழுதிக் கொடுத்த துண்டுகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து வாசிக்கச் சொன்னார் அக்கா. வாசித்துவிட்டு நானே விழித்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் பிள்ளைகளின் மூக்குத் துடைப்பது வரைதான்.

ஒரு நாள் காலையில் அண்ணன் துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. மறுநாளும் சிவப்பு. பீலிக்கரை முழுவதும் கூடிவிட்டது.

அழகமுத்துவுக்குச் சந்தேகமேயில்லை. "அந்த மாத்திரைதான் அக்கா. ரத்தத்த தண்ணியாக்குற மாத்திரைன்னு அவங்களே சொல்றாங்க. தண்ணியாயிட்டா ஒழுகாம என்னா செய்யும்? நிப்பாட்டு."

அவன் சொன்னது அஸ்பிரினை. அன்று மத்தியானமே அக்காவைப் பிடித்து, "டாக்டரக் கேக்காம மாத்திரைய நிப்பாட்டிறாதீங்க அக்கா" என்றேன்.

"நிப்பாட்டலீங்களே டீச்சர்" என்றார் அக்கா. முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. நான் நிம்மதியாகப் போய்விட்டேன்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி பல் கிளினிக்குக்குப் போனோம். அண்ணன், அக்கா, அண்ணனைப் பிடித்துக்கொள்ள அழகமுத்து, துண்டு வாசிக்க நான். அழகமுத்து வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான். பல் டாக்டர் தயாளினி என்று ஓர் இளம்பெண், வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் கேட்டதும் அக்காவுக்கு உயிர் வந்தது. அந்தத் தமிழில் பாதி விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

"ஆர் இவருக்குப் பல்லுத் தீட்டிவிடுறது?" என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தாங்க."

"மற்றப் பல்லெல்லாம் நல்ல துப்புரவாக் கிடக்கு. இந்த ஒரு பல்லைச் சுத்தி மட்டும் ஏன் இவ்வளவு ஊத்தை?"

"அதுல கை வைக்கக்கூடாதுன்னு டிஸ்பென்சர் ஐயா சொன்னாருங்க. அத மட்டும் வுட்டுட்டு வெளக்குவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பிடுங்கிறதுக்குத்தான் அம்மா ஆறு மாதம் பொறுக்க வேணும். இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. தீட்டிறதை ஒரு நாளும் விடக் கூடாது" என்றார். பிறகு, "என்னென்ன குளிசை குடிக்கிறார்?" என்று கேட்டார். அக்கா மாத்திரை உறைகளை மேசையில் கொட்டினார். அஸ்பிரின் உறையை டாக்டர் எடுத்துப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"நாலாந்தேதி முப்பது குடுத்திருக்கு. அஞ்சாந்தேதியிலயிருந்து குடுத்திருந்தா இண்டைக்கு ஏழுதான் மிஞ்ச வேணும். பதினெட்டுக் கிடக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"ஒரு நா வுட்டு ஒரு நா குடுக்கிறேங்க. பெரிய டாக்டரு குடுக்கச் சொல்றாரு, எந்தம்பி வேணாங்கிறான். ரெண்டு பேரு பேச்சையும் தட்டக் கூடாதுங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கத்தியிருப்பேன். 'நிப்பாட்டலீங்களே' என்ற பதிலை வாங்கிக்கொண்டு மேலே ஒரு கேள்வி கேட்காமல் போனது நான்தானே என்ற நினைப்பு வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

"தம்பி ஏன் வேண்டாமெண்டவர்?"

"வெளக்குனா ரத்தம் வருதுங்க. நாப்பது வருசமா ஒரு சொட்டு வந்ததில்ல. இந்த மாத்திரைக்குப் பொறகுதான்."

டாக்டர் கொஞ்ச நேரம் அண்ணனின் பற்களையே பார்த்தார். கறை இன்னும் போகவில்லை. "ஐயா வெத்திலை போடுறவரோ?"

"போட்டேங்க. வாட்டுல நிறுத்திப்புட்டாங்க" என்றார் அண்ணன், முறைப்பாடு சொல்கிற குரலில்.

"எத்தினை வருசமாப் போட்டனீங்கள்?"

"பால் வெட்டப் போன நாளையிலேருந்து."

"அப்ப என்ன நிறத்தில துப்பினனீங்கள்?"

"செவப்பா..." என்று தொடங்கிய அண்ணன் அப்படியே நிறுத்திவிட்டார்.

அக்காவின் கன்னத்தில் அப்போதும் ஒரு வாய் வெற்றிலை இருந்தது. அது மென்றுகொண்டிருந்த பாதியில் நின்றது.

"முரசு எப்பவோ பழுதாப்போச்சு அம்மா" என்றார் டாக்டர். முரசு என்று அவர் சொன்னது ஈறை. "வருசக்கணக்கா இரத்தம் வந்திருக்கும். வெத்திலைச் சிவப்பில ஒருத்தருக்கும் தெரியேல்லை. இப்ப வெத்திலை இல்லை, அதாலை தெரியுது. குளிசை கொஞ்சம் கூட்டும்தான். ஆனா நெஞ்சில திரும்ப அடைக்காமல் வைச்சிருக்கிறது அந்தக் குளிசைதான். நீங்கள் குடுக்காத ஒவ்வொரு நாளும் அவருக்குக் காவல் இல்லாத நாள்."

அக்கா விரல்களை மடக்கி எண்ணினார். ஆறு, எட்டு, பத்து என்று உதடு அசைந்தது. "பதினோரு நா டீச்சர்" என்றார் என்னிடம். "பதினோரு நா வுட்டுட்டேன்." அப்புறம் டாக்டரிடம் திரும்பி, "அப்ப எந்தம்பி பொய்யாங்க சொன்னான்? அவன் மச்சானுக்குக் கெட்டது நெனைக்கிறவன் இல்லீங்க" என்றார். டாக்டர், "தெரியாமச் சொன்னவர்" என்று மட்டும் சொன்னார்.

கரி வேண்டாம், கராம்பு வேண்டாம், கொய்யாத் தண்ணீரும் வேண்டாம்; பிரஷ் மட்டும், இரண்டு வேளை, எல்லாப் பல்லுக்கும். டாக்டர் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ரஹ்மா தாத்தாவுக்கு என்ன பதில் சொல்வது, பீலியில் நிற்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்திருப்பார். டாக்டர் அந்தப் பல்லைச் சுற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்தார். இரத்தம் கசிந்தது. பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "பஞ்சை எடுத்தாப் பிறகு ஏதாவது சாப்பிடக் குடுத்து, இண்டையக் குளிசையைக் குடுங்கோ. ஒரு நாளும் விடாதேங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது கஹவத்தை பஸ்ஸில் இடம் கிடைத்தது பெரிய காரியம். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஓர் இருக்கை, எனக்கு எதிர்ப்பக்கம். அழகமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தலைமேல் நின்றான். அண்ணன் பஞ்சை எடுத்துவிட்டு, பணிஸ் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றார். தின்று முடித்து வாயைத் துடைத்த துவாயில் சிவப்பு பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழகமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா மாத்திரை உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னா செய்யப் போற? இன்னைக்குக் குடுக்காத நாளு."

"டாக்டரம்மா தெனமும் குடுக்கச் சொல்லிட்டாங்கடா."

"குடு, நான் வேணாங்கல. நாளைக்குக் குடு. இன்னைக்கு வாயெல்லாம் ரத்தமா இருக்கு, பாக்கலியா? ஒரு நாள்ல என்னா வந்துறப் போவுது? மலையிலேருந்து இந்தத் தோள்லதான் தூக்கியாந்தேன் அக்கா. எனக்கு இல்லாத அக்கறையா?"

அவன் குரல் உடைந்துவிட்டது. பொய்யே இல்லாத அழுகை. பக்கத்தில் நின்ற ஒருவர், "தம்பி சொல்றதும் சரிதானே, ஒரு நாள் பொறுத்துக் குடுங்களேன்" என்று தன் பங்குக்கும் ஒன்றைப் போட்டார். பின் இருக்கையில் இருந்த சிங்களப் பாட்டி என்னவென்று விசாரித்து, அவரும் ஒரு யோசனை சொன்னார்.

அக்கா வழக்கம்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார். 'குடுங்க அக்கா' என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நானும் அவருடைய நாலு பேரில் ஒருத்தி ஆவேன். நாளைக்கு இன்னொருவர் சொன்னதும் மாத்திரை மறுபடி பாதியாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவருக்கு நான் எவ்வளவு பெரிய துரோகியாகத் தெரிந்திருப்பேனோ, தெரியாது. பஸ் ஒரு வளைவில் திரும்பியது.

அக்கா இருக்கையில் நகர்ந்து, தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். "ஆ காட்டுங்க" என்றார். மாத்திரையை அண்ணனின் நாக்கில் வைத்தார், போத்தல் தண்ணீரை ஒரு மடக்கு ஊற்றினார். பிறகு தன் உள்ளங்கையால் அவர் வாயை இறுகப் பொத்தினார். அவருடைய தொண்டை ஏறி இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.