கதீஜா அக்கா திருப்பிப்போட்ட போர்டு

தூக்கிப்போட்ட எல்.இ.டி. பிரிண்டர் ஒன்றை, காகிதத்துக்குப் பதில் செப்புப் பூசிய போர்டு நுழைந்து, சர்க்யூட் கோடுகள் நேரே அதன்மேல் அச்சாகும்படி நான் மாற்றியிருந்தேன். தாராவியில் பை தைக்கும் கதீஜா அக்காவின் மெஷினில் சர்க்யூட் போர்டு கருகிவிட, புதிது செய்ய உட்கார்ந்தேன்.

காகிதத்தில் அச்சிட்டு, போர்டின்மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் படம் திரும்பி ஒட்டும். நேரடியாக அச்சிட்டால் திரும்பாது. பழைய பழக்கத்தில் அதை மறந்து, இஸ்திரிக்கு வைத்திருந்த படத்தையே அச்சிட்டுவிட்டேன். மிச்சச் செப்பைக் கரைக்கும் ரசாயனத்தில் ஊறவைத்து எடுத்த பிறகுதான் கோடுகள் இடவலம் மாறியிருப்பது தெரிந்தது. கையிலிருந்த கடைசி போர்டு அது.

அக்கா வாங்கிப் பார்த்தார். “ஏலே, பையத் திருப்பிப் போட்டுத்தான தைக்கோம்? இந்தச் சாமானையும் மறுபக்கமா மாட்டிப் பாரேன்.”

வழக்கமாகப் பாகங்கள் செப்பு இல்லாத பக்கம் உட்காரும். இந்த முறை செப்பு இருந்த பக்கமே எல்லாவற்றையும் மாட்டிப் பற்றவைத்தேன். மெஷின் ஓடியது.

இப்போது என் போர்டுகள் சரியாகவே அச்சாகின்றன. ஆனால் யாராவது என் வேலையைப் பார்க்க வந்தால், அக்காவின் மெஷினைத்தான் திறந்து காட்டுகிறேன். “நாங்க ரெண்டு பேரும் செஞ்சது” என்கிறேன்.