ஆயுத பூஜையில் அசையாத எண்

கணபதி ஏரியாவில் அண்ணனுடைய லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. என் மேசை, சால்டரிங் அயர்ன் எல்லாம் அங்கேதான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்து ஓர் எடைப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைச் சுத்தம் செய்து பாய் மாதிரி சுருட்டுவார்கள். அந்தச் சுருளின் எடையை எண்ணாகக் காட்டும் பெட்டி அது. அண்ணனுக்கோ அந்த அறைமேல் ஒரு கண்.

"மில்லுக்காரங்க வேண்டாம்னுட்டாங்கன்னா அங்க ட்ரில்லிங் மெஷின் போட்டுருவேன் கண்ணு" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

பெட்டியைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்த நாள் இருக்கிறதே, நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுத் தெருவே பொரி கடலை தின்றுகொண்டிருந்தது. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. இருபது கிலோ எடைக்கல்லை வைத்தேன். கடைசி இலக்கம்கூட அசையவில்லை.

"பாத்தீங்களாண்ணா" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுவாரம் அன்னூர்ப் பக்கத்து மில்லில் அதே பெட்டியில் எண் பேயாட்டம் ஆடியது. சுற்றிலும் ஓடிய மோட்டார்களின் மின் இரைச்சல் வயர் வழியாக உள்ளே புகுந்திருந்தது. மேனேஜர் வந்து பார்த்தார்.

"ஷிப்ட் மாறும்போது வாரனுங்க அம்மணி. அப்பவும் இப்படியே ஆடுச்சுன்னா பொட்டியக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த மரியாதைதான் அதிகம் பயமுறுத்தியது.

பஞ்சு பறக்கிற இடத்தில் சால்டரிங் அயர்னைச் சூடாக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டியைக் கழற்றி, முற்றத்தைத் தாண்டி எலக்ட்ரிக்கல் ரூமுக்கு ஓடி, திரும்ப வந்து மாட்ட வேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஒரு பெரிய ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் வைத்து, இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் கட்டினேன். எண் நின்றது. ஆனால் இருபது கிலோ கல்லுக்கு அரைக் கிலோ குறைவாகக் காட்டியது. ஆடுகிற எடையைவிடத் தப்பான எடை மோசம்.

பிறகுதான் உறைத்தது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப், ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒரு மடக்கு மின்சாரம் உறிஞ்சுகிறது. அத்தனை பெரிய ரெசிஸ்டரைத் தாண்டி அதற்கு வேண்டியது வந்து சேரவில்லை. ஃபில்டருக்கும் சிப்புக்கும் நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபையர் நின்று, கேட்டவுடன் கொடுக்க வேண்டும். என் போர்டிலேயே ஒன்று சும்மா கிடந்தது. மறுபடி ஓடினேன். அதை இணைத்து, சிப்பின் வாசலில் ஒரு கெபாசிட்டரும் வைத்தேன்.

மாட்டினால் எண் முன்னைவிடத் தாறுமாறாகக் குதித்தது.

ஷிப்டுக்கு ஆட்கள் சைக்கிளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அட கடவுளே, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது: கெபாசிட்டரை நேராகச் சுமக்க முடியாமல் ஆம்ப்ளிஃபையரே உதறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டால் அடங்கும். ஓடினேன், போட்டேன், அயர்னில் விரல் பட்டுக் கொப்பளித்ததைக்கூடப் பார்க்காமல் வந்து மாட்டினேன்.

ஷிப்ட் மாறும் சங்கு ஊதியபோது மேனேஜர் தன் கையாலேயே கல்லைத் தூக்கி வைத்தார். சரியாக இருபது. மோட்டார்கள் அத்தனையும் ஓடின, எண் அசையவில்லை.

"சரிங்க அம்மணி, இதே மாதிரி மத்த மெஷினுக்கும் செஞ்சு குடுத்துருங்க" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். பட்டறைக்குள் நுழைந்தால் என் மேசை வெளியே கிடந்தது. அறை நடுவில் ட்ரில்லிங் மெஷினுக்குப் புதிதாகப் போட்ட சிமென்ட், இன்னும் காயவில்லை.

"ஆர்டர் குடுத்துட்டாங்கண்ணா" என்றேன்.

அண்ணன் கையில் பூச்சுக் கரண்டியோடு நின்றார். "நீ முடிப்பீன்னு நான் நெனைக்கவே இல்லியே கண்ணு."

நான் தோற்க வேண்டும் என்று அவர் சாமியை வேண்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மேசையை இழுத்து வந்து அந்த ஈர சிமென்ட்டின் மேலேயே போட்டேன். கால்கள் நாலும் புதைந்தன. அண்ணன் தடுக்கவில்லை.