முழங்கைத் தையல்

என் மனைவியின் தம்பி தன்னைச் சுதந்திர ஓவியர் என்று சொல்லிக்கொள்வான். யாருக்குக் கீழும் வேலை செய்வதில்லை என்று அதற்குப் பொருளாம். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, எங்கள் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு எப்படி இத்தனை சுதந்திரம் கிடைக்கிறது என்று நான் கேட்பேன். அவன் காதில் செருகிய பென்சிலை எடுத்து, கையில் கிடைத்த தாளில் என் மூக்கை வரைந்து நீட்டுவான். மூக்கு மட்டும்தான் இருக்கும், ஆனால் தெருவில் யாரிடம் காட்டினாலும் என் பெயரைச் சொல்லிவிடுவார்கள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பென்சிலால்தான் அவனுக்குப் பென்சில் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சும்மா இருக்கிறவன் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடப் பாடத்துக்குத் துணைநூல் போடும் ஒரு பதிப்பகத்துக்குப் படம் வரைந்து கொடுப்பான். தவளையின் வயிறு, பூவின் குறுக்குவெட்டு, தண்ணீர் பம்பின் உள்பக்கம். அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் எல்லாம் அவனுடைய காமிக்ஸில் இருந்தது. விண்கலத்தில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஒருத்தியின் கதை அது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. அச்சடிப்பது என் ஜெராக்ஸ் கடையில். மடித்து ஸ்டேப்ளர் அடிப்பதும் நான்தான், கூலி கேட்கக் கூடாது.

"விண்வெளிக்குப் போயும் குழாய் ரிப்பேரா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பின்ன? நூறு பேர் போற கப்பல்ல குழாய் அடைச்சுக்காதா மாமா? எந்தப் படத்துலயாவது யாராவது பாத்ரூம் போய்ப் பார்த்திருக்கீங்களா?"

விண்வெளிப் படங்கள் என்றால் அவனுக்கு ஒரே நேரத்தில் பைத்தியமும் ஆத்திரமும். ஒன்று விடாமல் பார்ப்பான், ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான். காற்றே இல்லாத இடத்தில் குண்டு வெடிக்கிற சத்தம் எப்படிக் கேட்கும்? வேற்றுக்கிரகத்து ஆளுக்கு ஏன் நம்மைப் போலவே இரண்டு கண், ஒரு மூக்கு? ஆயிரம் வருஷம் கழித்தும் கதவு ஏன் 'ஷ்' என்றே திறக்கிறது? கேப்டன் சட்டைக்கு யார் இஸ்திரி போடுகிறார்கள்? எப்போதும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தில் படம் ஓடும்போதே வரைவான். பிறகு அதையெல்லாம் ஒரு பக்கத்துக் கார்ட்டூனாக்கி, 'மூன்றாவது வரிசையிலிருந்து' என்ற தலைப்பில் போனில் போடுவான். இருபது முப்பது பேர் பார்ப்பார்கள். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

வரைகிற சூட்சுமத்தை ஒருமுறை எனக்குச் சொன்னான். "எல்லாத்தையும் வரையக் கூடாது மாமா. பார்த்ததும் எது கண்ண உறுத்துதோ, அத மட்டும் பிடிக்கணும். அப்புறம் அத ஊதிப் பெருசாக்கணும். அவ்வளவுதான் கார்ட்டூன்."

என் மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய மெஷின். சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வந்ததைத் தைப்பாள். அவளுக்கென்று ஒரு தையல் உண்டு. தம்பி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பையில் வரைபடத் தாள்களாக அடைத்து வாரைப் பிய்த்துக்கொண்டு வருவானாம். அதற்காக அவளே கண்டுபிடித்தது. மூன்று சாய்வாக, மேலே ஒன்று குறுக்காக, கையாலேயே போடுவாள். எவ்வளவு இழுத்தாலும் விடாது, மடக்கினால் துணியோடு சேர்ந்து மடங்கும். பென்சிலின் தோளில் எந்நேரமும் தொங்குகிற துணிப்பையின் வாரிலும் அதுதான் இருந்தது.

அவளுக்கு ஒரு சினிமா கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. விண்வெளிப் படமாம். வீரர்களுக்கு உடை தைக்க வேண்டும், படம் வெளியாகும்வரை மூச்சு விடக் கூடாது என்றார்கள். தம்பியிடம் ஏதோ ஹோட்டலுக்குத் திரைச்சீலை என்று சொல்லிவிட்டு தினமும் அவர்களுடைய கோடவுனுக்குப் போய்வந்தாள். தடித்த துணி. நடிகர்கள் கையை மடக்கியதும் முழங்கையில் கிழிந்துகொண்டே இருந்ததாம். கடைசியில் அவள் தன் தையலைப் போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் ஒன்றுகூடக் கிழியவில்லை. உடைகளுக்குப் பொறுப்பானவர், படம் ஓடினால் அடுத்த பாகமும் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவளுக்குக் கால் தரையில் படவில்லை.

"தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. படம் முடியும்போது பேர் போடுவாங்க. அவனே பார்க்கட்டும்" என்றாள்.

முதல் நாளே மூன்று பேரும் போனோம். மூன்றாவது வரிசை. நடுவில் பென்சில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். படம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? முடிந்ததும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஜனம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஏதேதோ பெயர்களுக்குப் பிறகு, தையல் என்று போட்டு அதற்குக் கீழே அவள் பெயர். பென்சிலைப் பார்த்தேன். குனிந்து, தாளை மடியில் வைத்து, மும்முரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தான். அவன் விலாவில் ஒரு இடி இடிக்கக் கையை ஓங்கினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பெயர் மேலே போய் மறைந்துவிட்டது.

"வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்" என்றாள் வெளியே வந்ததும்.

சொல்ல அவன் நேரம் கொடுக்கவில்லை. நேராக மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் நாங்கள் கண்விழிப்பதற்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. இருபது முப்பது பேர் பார்க்கிற பக்கத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். கார்ட்டூனில் விண்வெளி வீரர்கள் தலையணைகளாக வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு முழங்கையிலும் ஒரு பெரிய தையல், கட்டுப்போட்ட கை மாதிரி வீங்கியிருக்கிறது. எதிரே வேற்றுக்கிரகத்துக்காரன் சொல்கிறான்: "பூமியில இருந்து வந்ததா சொன்னீங்க. பார்த்தா கட்டில்ல இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கே!"

நன்றாக இருந்தது, அதுதான் என் எரிச்சல். அவன் வரைந்ததிலேயே அதுதான் முதல்தரம்.

நான் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டேன். அவள் பின்னால் வந்து சட்டையைப் பிடித்தாள். "வேணாங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் அவனுக்கு நாலு பேர் கை தட்டுறாங்க. அதக் கெடுக்காதீங்க."

"உன்ன வச்சு சிரிக்கிறாங்கடி!"

"அது நான் தைச்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மெஷின் வெகுநேரம் ஓடவே இல்லை.

பென்சில் தரையில் நடக்கவில்லை. காமிக்ஸ்காரர்கள் ஒரு மண்டபத்தில் கூடி விற்பனை நடத்துவதாக இருந்தார்கள். அதில் இந்தக் கார்ட்டூனைப் போஸ்டராக விற்கப் போகிறானாம். என் கடைக்கு வந்தான். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய தாளைப் போட்டேன். மெஷின் முதல் பிரதியைத் துப்பியது. அவன் பையைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, தாளை அதன் பக்கத்தில் விரித்து விரலால் காட்டினான்.

"இங்க பாருங்க மாமா. எல்லாரும் உடையத்தான் பார்த்தாங்க, நான் இந்த முழங்கையப் பிடிச்சேன் பாருங்க, அங்கதான் விஷயம். மூணு சாய்வா, மேல ஒண்ணு குறுக்..."

விரல் நின்றுவிட்டது. கண் தாளிலிருந்து பையின் வாருக்குப் போனது. திரும்பத் தாளுக்கு வந்தது. சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த அவனுடைய காமிக்ஸ் அட்டையையும் பார்த்தான். அதில் குழாய்க்காரியின் கருவிப் பையிலும் அதே தையலை அவனே அழகாக வரைந்திருந்தான். காது மடல் சிவந்து, கழுத்து வரை இறங்கியது.

"அந்தத் திரைச்சீலை வேலை..." என்றான்.

"எந்தத் திரைச்சீலை?" என்றேன். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. "பேரே போட்டாங்கடா திரையில! இவ்வளவு பெரிய எழுத்துல! நீ குனிஞ்சு எதக் கிழிச்சிட்டிருந்த?"

"அக்கா இதப் பார்த்துச்சா?"

"நீ வரையும்போது உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா."

அவன் பையை வெடுக்கென்று இழுத்தான், அது கவுண்டர் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. தையல் விடவில்லை, அதற்குப் பக்கத்துத் துணிதான் போனது. கிழிந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். எதிர்க்கடைக்காரர் அவனைப் பார்த்து, "தலையணை பிரமாதம் தம்பி!" என்று கத்தினார். அவன் கூனிக் குறுகிப் போனதை நான் இங்கிருந்தே பார்த்தேன். எனக்கும் பொசுக்கென்று ஆகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

போனில் போட்டதை உடனே எடுத்துவிட்டான். எடுத்து என்ன பயன்? ஊரெல்லாம் அவரவர் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதுவும் அவன் கையெழுத்தை வெட்டிவிட்டு. கையெழுத்தை வெட்டினால் சண்டைக்குப் போகிறவன், இந்தத் தடவை அதற்காகச் சந்தோஷப்பட்டதாகப் பிறகு சொன்னான்.

அடுத்த நாள் அந்தச் சினிமா கம்பெனிக்கே போயிருக்கிறான். அங்கே நடந்ததை என்னிடம் சொல்லும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

உடைகளுக்குப் பொறுப்பான மனிதர் இவனை யாரென்று தெரிந்ததும் எழுந்தே வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். "நீங்கதானா அது! நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்று பக்கத்தில் நிறுத்திப் படம்கூட எடுத்துக்கொண்டிருக்கிறார். இவன் தயங்கித் தயங்கி, உடையில் ஒரு குறையும் இல்லை, குறை தன் புத்தியில்தான், தைத்தவர்களை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"அட, அதுல என்ன? அந்த அம்மா நல்ல வேலைக்காரிதான். ஆனா ஜனம் இனிமே முழங்கையத்தானே பார்க்கும்? அடுத்த பாகத்துக்கு வெளிய ரெடிமேடா வாங்கிக்கிறோம்" என்றாராம். சொல்லிவிட்டு, "நீங்க ஸ்டோரிபோர்டு வரைஞ்சு தர்றீங்களா? உங்களுக்கு நல்ல கண்ணு இருக்கு" என்றாராம்.

சினிமாவுக்குக் காட்சி காட்சியாக வரைந்து கொடுக்கிற வேலை. அதற்காகத்தான் அவன் இத்தனை வருஷம் மூன்றாவது வரிசையில் கழுத்து நோக உட்கார்ந்திருந்தான். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"ஒரு நிமிஷம் சரின்னு சொல்லிடலாமான்னு தோணுச்சு மாமா" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "தோணுச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

எப்போதும் ஏதாவது கிண்டல் என் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு, "போய் அக்காகிட்ட பேசு" என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் முன்னறைக்கு வந்தான். அவள் சீருடைக் குவியலுக்கு நடுவில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன், ஒரு வரியும் படிக்கவில்லை. அவன் நிலைப்படியிலேயே நின்றான்.

"ஏன்டா அங்கயே நிக்கிற? பை என்ன ஆச்சு? கொண்டா" என்றாள் அவள்.

கொடுத்தான். அவள் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணல. எனக்குத் தெரியாது."

"தெரியும்டா."

"நான் அந்தக் கம்பெனிக்குப் போய்ப் பேசினேன்..."

"எனக்கு போன் பண்ணிட்டாங்க. விடு." பழைய துணியைக் கத்தரித்து எடுத்தாள். "ஆனா நல்லாத்தான் வரைஞ்சிருந்த. முழங்கைய அப்படியே பிடிச்சிருந்த."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பழைய தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அது லேசில் வரவில்லை, ஊசி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. பிறகு புதுத் துணியை ஒட்டுக் கொடுத்து, வாரை மெஷினுக்கு அடியில் வைத்து, ஒரே ஓட்டாக நேர்கோட்டில் அடித்தாள். நூலைப் பல்லால் கடித்துப் பையை நீட்டினாள்.

அவன் வாரைத் தடவிப் பார்த்தான். "அக்கா, அந்தத் தையல் போடலையா?"

"எது?"

"எப்பவும் போடுவியே."

"அது கண்ண உறுத்துதுடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியின் நீளம் போதாது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள். அடுத்த சீருடையை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வார் கடையில் வாங்கிய பையுடையதைப் போலச் சுத்தமாக இருந்தது.