மஞ்சள் பஸ்ஸை நிறுத்தியது யார்?

சென்ற கிழமை இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று மூன்று பேர் கேட்டார்கள். மற்றவர்கள் கவனிக்கவில்லை போலும்... இருக்கட்டும். நான் அப்போது சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே, ஒரு காட்டு நெடுஞ்சாலையில், இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று போக்குவரத்தை மறித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் என் நண்பன் சிவத்தின் வேலை. ஓடிக் களைத்த ஒரு பள்ளிக்கூட பஸ்ஸை ஏலத்தில் எடுத்தான். சீட்டுகளைக் கழற்றி, மூன்று கட்டில், காஸ் அடுப்பு, இடியப்ப உரலுக்கு ஒரு தட்டு என்று வீடாகவே ஆக்கிவிட்டான். வாருங்கள், காடு பார்ப்போம் என்றான்.

சாரதியாக ஓடுவதற்கு எங்கள் கூட்டாளி குகன். ரொறொன்ரோவில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓடுகிறவன். இன்றுவரை ஒரு பொலிஸ் டிக்கட் கிடையாது! அடுத்த மாதம் ஓய்வு. அதைச் சொல்லித்தான் பிரியாவிடையில் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். பேச்சுக்கூட எழுதி வைத்துவிட்டான், பாவி.

பள்ளிக்கூட பஸ்ஸை வாங்கினால் சட்டப்படி மஞ்சள் நிறத்தை மாற்ற வேண்டும். பக்கத்தில் நீளுகிற ‘ஸ்டொப்’ பலகையைக் கழற்ற வேண்டும். சிவம் என்ன செய்தான்? சாத்திரியாரிடம் நாள் கேட்டான். அவரோ, உன் நட்சத்திரத்துக்கு மஞ்சள்தான் உகந்தது, முதல் பயணம் முடியும்வரை வண்டியில் இனி ஓர் ஆணியும் கழற்றக்கூடாது என்றுவிட்டார். அப்படியானால் சீட்டுகள்? அவை நாள் கேட்பதற்கு முன்பே கழன்றவை. தோஷமில்லையாம்.

குகன் துள்ளினான். சிவம் அசையவில்லை.

“பலகைக்குப் போற வயரை வெட்டிப்போட்டன். வெட்டுறது கழற்றுறதில்லை. நீ பயப்பிடாமல் ஓடு, மச்சான்.”

‘ஸ்கூல் பஸ்’ என்ற எழுத்தின்மேல் கலண்டர் பிள்ளையாரை ஒட்டினோம். றிச்மண்ட் ஹில் கோவிலில் பூசை. சில்லுகளுக்குக் கீழே நாலு தேசிக்காய். புறப்பட்டாயிற்று.

வழியெல்லாம் ரேடியோ ஒரு சத்தமும் போடவில்லை. சிவம் வெட்டியது எந்த வயர் என்று யாராவது யோசித்தோமா? இல்லையே.

மூன்றாம் நாள். சாலையின் ஒரு பக்கம் பாறை, எங்கள் பக்கம் பள்ளம். தேத்தண்ணி நேரம். அந்த ஒடுங்கிய ஓரத்தில் குகன் பஸ்ஸை நூல் பிடித்ததுபோல நிறுத்தினான். அதுவரை பின்கதவால்தான் ஏறி இறங்கினோம்; வடை சுடும் புகை போகட்டும் என்று அன்றுதான் முன்கதவைத் திறந்துவிட்டு, பள்ளத்துப் பக்கம், கதவடியில் கொஞ்சம் அகன்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கதவு திறந்ததும் மறுபக்கத்தில் பலகை நீண்டதும், சிவப்பு லைட்டுகள் மின்னியதும் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பலகை நீண்டால் இரு திசையிலும் வாகனங்கள் நிற்கவேண்டும். பிள்ளைகள் இறங்கி வருவார்கள் அல்லவா? நின்றன. முன்னால் நாலு லொறி, பின்னால் கார்கள், படகை இழுத்துவந்த ஒரு வான்...

இந்த வடக்குச் சனம் எவ்வளவு நல்ல சனம், நின்று பார்க்கினம் என்று நாங்கள் உருகிப்போய்க் கைகாட்டினோம். சிவம் முதல் லொறிக்காரனுக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் பிள்ளைகள் எங்கே என்று கேட்டான். மகள் ஒட்டாவாவில், மகன் வேலையில் என்று சிவம் விபரமாகச் சொன்னான். அதன் பிறகுதான் அந்த மனுஷன் இறங்கிவந்து பலகையைக் காட்டினான்.

ஓடிப்போய்க் கதவைப் பூட்டினோம். பிந்திவிட்டது. ஒரு பொலிஸ்காரி வந்து நின்றாள். பஸ்ஸை ஓடியது யார் என்று கேட்டாள்.

குகனின் முகம் செத்துப்போயிற்று. இருபத்தாறு வருஷம்! ஒரு தட்டு வடையோடு போவதா? சிவம் முன்னே வந்து, நான்தான் என்றான். வண்டி அவனுடையது, பாவமும் அவனுடையது. நானும் விடவில்லை. நான்தான் என்றேன். குகன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி நின்றான்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ்ஸைச் சுற்றி வந்தாள். பின்சில்லைப் பார்த்தாள், அதன் கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு சாண் பிசகியிருந்தாலும் கவிழ்ந்திருக்குமே, இவ்வளவு நேராக நிறுத்திய கெட்டிக்காரர் யார் என்று கேட்டாள். சிவம் சற்று வெட்கப்பட்டு, நன்றி என்றான்.

அவ்வளவுதான். குகன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“நான்தான் நிறுத்தினது,” என்றான் ஆங்கிலத்தில். “உவங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு சைக்கிளை நேராக விடத் தெரியாது.”

மனுஷன் தன் குற்றத்தை ஆயுள் முழுக்க மறைப்பான். கெட்டித்தனத்தை அரை நிமிஷம் மறைக்கமாட்டான் — அதுவும் வேறொருவன் அதற்கு நன்றி சொல்லும்போது!

அவள் சிரிக்காமல் டிக்கட் எழுதி நீட்டினாள். குகன் வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பி வாசித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“நேராக நிறுத்தினதை உதில எழுதேல்லையே, மச்சான்?”